ஒரே ஆளா தூக்க முடியுதா?

போன வாரம் ஒரு தம்பி வாட்ஸ்அப்ல படம் அனுப்பினான். தமிழ்ச் சங்கத்துல பழக்கமான பையன். கயாக் வாங்கணும்னு ரொம்ப நாளா வீடியோவா பார்த்துத் தள்ளிக்கிட்டு இருக்கான்.

"அக்கா, இதுதான்னு முடிவு பண்ணிட்டேன். மீன் பிடிக்கவும் ஆகும், லீவு நாள்ல சும்மா துடுப்புப் போட்டுச் சுத்தவும் ஆகும். நீங்க சரின்னு சொன்னா இன்னைக்கே ஆர்டர்."

13 அடி நீளம். 38 இன்ச் அகலம். காலால மிதிக்கிற பெடல். தூண்டில் சொருக ஆறு இடம். மீன் எங்க இருக்குன்னு காட்டுற திரையை மாட்ட ஒரு தட்டு. உசரமான நாற்காலி. பார்க்க அழகாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன்.

"எடை எவ்வளவுப்பா?"

"அதைப் பார்க்கலையே அக்கா."

தேடிப் பார்த்துட்டுச் சொன்னான். எல்லாத்தையும் பூட்டினா 60 கிலோவுக்கு மேல.

அவன் குடியிருக்கிறது ரெண்டாவது மாடி. கார் ஒரு கொரோலா. கல்யாணம் ஆகல, கூடத் தூக்க ஆள் கிடையாது.

எனக்குக் கோபம் அவன் மேல வரலைங்க. இத்தனை வீடியோ பார்த்திருக்கான், "இதை யாரு தூக்கி வண்டியில ஏத்துவா?"ன்னு அதுல ஒருத்தர்கூடவா சொல்லல? கம்பு சொருகுற ஓட்டையை எண்ணிச் சொல்றாங்க, கப் வைக்கிற குழியைக் காட்டுறாங்க, எடையை மட்டும் கடைசி வரியில பொடி எழுத்துல போடுறாங்க. எரிச்சல் அதுலதான். அவன்கிட்ட போன்ல சொன்னதையெல்லாம் இங்கயும் எழுதிடறேன். கொஞ்சம் நீளமாப் போகும், டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

நான் இருக்கிறது ஃப்ளோரிடாவுல, டாம்பா விரிகுடா ஓரம். இடுப்பளவு தண்ணி, கடல்புல், சிப்பிப் பாறை, கரையெல்லாம் மாங்ரோவ் காடு. நம்ம பிச்சாவரம் போனவங்களுக்கு அந்த வேர்க்கால்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிஞ்சுடும். அங்க சுரபுன்னைன்னு சொல்றோமே, அதே வகையில ஒண்ணுதான் இங்கயும் தண்ணிக்குள்ள காலை ஊன்றி நிக்குது. விடிகாலையில மடவை மீன் துள்ளும் பாருங்க, பளக் பளக்குன்னு! (நம்ம பழவேற்காட்டுல வலையில விழுற அதே மடவைதான். உலகத்துல வெதுவெதுப்பான கடல் இருக்கிற இடமெல்லாம் அது இருக்கு.) மடவை துள்ளுற இடத்துக்குக் கீழ சில நேரம் பெரிய மீன் ஏதோ துரத்திக்கிட்டு இருக்கும். மோட்டார் படகு அங்க வந்தா சத்தத்துலயே எல்லாம் ஓடிடும். கயாக் சத்தமில்லாம உள்ள போகும். இந்தத் தண்ணிக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது.

சரி, புதுசா வர்றவங்களுக்காக ஒரு வார்த்தை. கயாக்ல ரெண்டு ஜாதி. ஒண்ணு, குழிக்குள்ள காலை நீட்டி உள்ள உட்கார்றது. இன்னொண்ணு மேல உட்கார்றது, சிட்-ஆன்-டாப்.

கட்டுமரத்தைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு ரெண்டாவதை விளக்கவே வேண்டாம். அலை மேல ஏறும், வழிஞ்சு இறங்கும். தண்ணி நிறைஞ்சு மூழ்கறதுக்கு "உள்ள"ன்னு ஒரு இடமே கிடையாது. சிட்-ஆன்-டாப்பும் அந்த வழிதான். அடிப்பாகமும் மேல்தட்டும் சேர்ந்து மூடின கூடு. நீங்க தட்டு மேல உட்கார்றீங்க. தட்டுல இருந்து அடி வரைக்கும் நேராப் போற ஓட்டைகள் இருக்கும், ஸ்கப்பர்னு பேரு. மேல விழுற தண்ணி அது வழியாத் தானா கீழ போயிடும். "ஓட்டை இருந்தா படகு மூழ்காதா?"ன்னு எங்க அம்மா பதறினாங்க. மூழ்காது. அந்த ஓட்டை ஒரு குழாய், கூட்டுக்குள்ள திறக்காது.

அமெரிக்காவுல இது பரவினதுக்கு டிம் நீமியர்னு ஒருத்தர் காரணம். 1970-கள் ஆரம்பத்துல, கலிஃபோர்னியா மாலிபு கடற்கரையில, ஒரு சர்ஃப் பலகையில குழி தோண்டி ஆரம்பிச்சார். அதுல இருந்துதான் பின்னாடி ஓஷன் கயாக் கம்பெனி வந்துச்சு. கடல்ல குதிச்சு, முங்கி, திரும்ப மேல ஏறணும்கிற ஆளுங்களுக்காக உருவானது இது. இன்னைக்கும் இதோட பெரிய பலம் அதுதான்: கவிழ்ந்தா ஏறிடலாம். உள்ள உட்கார்ற வகை கவிழ்ந்தா அதுக்குள்ள நிறையத் தண்ணி புகுந்துடும், பம்ப் வச்சு இறைக்கணும். சிட்-ஆன்-டாப்பை நிமிர்த்திப் போட்டு, குறுக்கால வயித்தை வச்சு ஏறி, புரண்டு உட்கார்ந்து, காலை உள்ள இழுத்துக்கிட்டா முடிஞ்சுது. (வாங்கின முதல் வாரமே மார்பளவு தண்ணியில நின்னு இதை வேணும்னே கவிழ்த்துக் கவிழ்த்துப் பழகுங்க. தயவுசெஞ்சு. லைஃப் ஜாக்கெட்டோட.)

குளிர் ஊர்ல இருக்கிறவங்களுக்கு உள்ள உட்கார்றது நல்லது, கால் நனையாது. ஃப்ளோரிடா வெயிலுக்கு மேல உட்கார்றதுதான் சுகம். அதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது.

இப்ப எடைக்கு வர்றேன்.

என் உயரம் 5 அடி 2 அங்குலம். வார நாள்ல விடியறதுக்கு முன்னாடி கிளம்பி, ரெண்டு மணி நேரம் தூண்டில் போட்டுட்டு, குளிச்சு வேலைக்கு உட்காரணும். அந்த நேரத்துல வீட்ல யாரையும் எழுப்பி "ஒரு கை பிடிங்க"ன்னு கேட்க முடியாது. ஆக, நானே எடுத்து, நானே ஏத்தி, நானே இறக்கி, திரும்ப நானே ஏத்தணும். வரும்போது கை ஓய்ஞ்சிருக்கும், போட்டு நனைஞ்சிருக்கும், வெயில் ஏறியிருக்கும். எடையை அந்த நேரத்துக்குத்தான் கணக்குப் போடணும். கடைக்குள்ள ஏசியில நின்னு தூக்கிப் பார்க்கிற எடை வேற.

நான் ஏத்துற முறை இதுதான். காரோட பின்பக்கக் கூரை ஓரத்துல ஒரு பழைய ரப்பர் கால்மிதியை விரிப்பேன். போட்டோட மூக்கைத் தூக்கி அது மேல சாய்ப்பேன். அப்புறம் பின்னாடி போய் வாலைத் தூக்கித் தள்ளுவேன், வழுக்கிக்கிட்டு மேல போயிடும். முழு எடையை எந்த நேரத்துலயும் தூக்கறதில்ல, பாதிப் பாதியாத்தான். இந்த முறையில 30, 32 கிலோ வரைக்கும் எனக்கு முடியுது. 40-ன்னா தடுமாறும். 60 கிலோவை கொரோலா மேல ஏத்தறது, ஜிம் போற அந்தத் தம்பியாலயும் தனியா ஆகாது. அது டிரெய்லர் வச்சிருக்கிறவங்க, தண்ணி ஓரத்துலயே வீடு இருக்கிறவங்க வாங்க வேண்டிய போட்டு. அவங்களுக்கு அது ரொம்ப நல்ல போட்டுதான்.

கார் கூரை எவ்வளவு தாங்கும்னு காரோட கையேட்டுல போட்டிருக்கும். மேல மாட்டுற கம்பியோட எடையும் அதுல சேர்த்தி, மறந்துடாதீங்க. மூக்குல இருந்தும் வால்ல இருந்தும் பம்பருக்குக் கயிறு கட்டாம நெடுஞ்சாலையில ஏறாதீங்க. டாம்பா பக்கம் ஸ்கைவே பாலத்துல அடிக்கிற காத்துல, கூரை மேல இருக்கிறது எல்லாம் இறக்கை ஆகிடும்.

"சக்கரம் வச்ச தள்ளுவண்டி இருக்கே அக்கா"ன்னான் தம்பி. இருக்கு. பார்க்கிங்ல இருந்து தண்ணி வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போகலாம், நானும் வச்சிருக்கேன். ஆனா அது கூரை மேல ஏத்தாது, மாடிப்படி ஏறாது. (அதுலயும் ஸ்கப்பர் ஓட்டைக்குள்ள கம்பியைச் சொருகுற மாதிரி ஒண்ணு விக்கிறாங்க. வேண்டாம். மொத்த எடையும் அந்த ஓட்டை ஓரத்துல உட்கார்ந்து, நாளாவட்டத்துல விரிசல் விடும். தொட்டில் மாதிரி அமைப்புல வாரால கட்டுறதா வாங்குங்க.)

எடைக்கு ஒரு வரம்பு போட்டுட்டா மீதிக் கேள்வியெல்லாம் தானா சுருங்கிடும். எனக்கு நடந்தது அதுதான். கடையில நின்னா முப்பது நாப்பது போட்டு இருக்கும், தலை சுத்தும். 32 கிலோவுக்கு மேல எதையும் பார்க்கிறதில்லைன்னு வச்சுக்கிட்டதும் ஒரு கை விரல்ல எண்ணிடலாம்.

வாங்கறதுக்கு முன்னாடி கிடைச்சதையெல்லாம் ஓட்டிப் பார்த்தேன். வாடகைக்கு எடுத்தேன், தெரிஞ்சவங்ககிட்ட கடன் வாங்கினேன்.

10 அடி போட்டு. தூக்க லேசு. மாங்ரோவ் சந்துக்குள்ள நினைச்ச பக்கம் திரும்பும். ஆனா திறந்த தண்ணிக்கு வந்ததும் ஒவ்வொரு துடுப்புக்கும் மூக்கு இடமும் வலமும் ஆடும். நேராப் போறதுக்கே பாதிச் சக்தி செலவாயிடும்.

14 அடி. ஓடுது பாருங்க, என்னா ஓட்டம்! துடுப்பை நிறுத்தினாலும் வழுக்கிக்கிட்டே போகும். ஆனா இங்க பக்கத்துல வீடன் தீவுக் காட்டுக்குள்ள மாங்ரோவ் கிளைகள் மேல கூடி நின்னு சுரங்கம் மாதிரி இருக்கும். அங்க 14 அடியைத் திருப்பறது, மைலாப்பூர் சந்துக்குள்ள டவுன் பஸ்ஸைத் திருப்பற கதைதான்.

12 அடி. ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம். நான் அங்கயே நின்னுட்டேன்.

கணக்குல ஆசை இருக்கிறவங்களுக்கு: தண்ணியில படுற நீளத்தை அடியில எடுத்து, அதோட வர்க்கமூலத்தை 1.34-ஆல பெருக்கினா, அந்தப் போட்டு சிரமமில்லாம எட்டக்கூடிய உச்ச வேகம் நாட் கணக்குல (மணிக்கு இத்தனை கடல் மைல்) வரும். 10 அடிக்கு 4.2. 12-க்கு 4.6. 14-க்கு 5. நாம சும்மா போறது 2.5, 3 நாட்தான். அதனால வேகத்துக்காக நீளம் வாங்காதீங்க. நேராப் போகுதா, காத்துல மூக்கு திரும்பாம இருக்கா, அதுக்காகத்தான் நீளம்.

அகலத்துல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். 36 இன்ச் போட்டுல ஏறி உட்கார்ந்தா அசையவே அசையாது. கடைக்காரங்க அதைத்தான் காட்டுவாங்க. 30 இன்ச்ல ஏறினா முதல் பத்து நிமிஷம் லேசா ஆடும், "ஐயோ"ன்னு இருக்கும். ஆனா அந்த ஆட்டம் ஒரு அளவுக்கு மேல போகாது. சாயச் சாய ஓரம் தண்ணியை அழுத்தி நிறுத்திடும். ரொம்ப அகலமான தட்டை அடி அப்படி இல்ல. அமைதியான தண்ணியில கெட்டியா நிக்கும், பக்கத்துல இருந்து அலை வந்தா அலையோட சரிவுக்கே சாயும். அது போக, அகலம் கூடினா துடுப்பு நீளமா வேணும், கை வெளிய எட்டணும், முட்டி ஓரத்துல இடிக்கும். சும்மா சுத்திப் பார்க்கப் போற அன்னைக்கு அந்த அகலம் ஒரு தொல்லை.

நின்னுக்கிட்டு தூண்டில் வீசணுமா? அப்ப 34-க்கு மேல போங்க, வேற வழி இல்ல. ஆழமில்லாத தண்ணியில ரெட்ஃபிஷ்னு ஒரு மீன் வாலை வெளிய ஆட்டிக்கிட்டு மேயும். அதை நின்னு பார்த்து வீசறது ஒரு தனி வித்தை. எனக்கு 31 இன்ச் போதும். நிக்கணும்னா போட்டை விட்டு இறங்கிடுவேன், முழங்கால் தண்ணிதானே. (இறங்கினா காலைத் தூக்கி வைக்காம தேய்ச்சுத் தேய்ச்சு நடங்க. மணலுக்கடியில திருக்கை புதைஞ்சு கிடக்கும். கால் பட்டு விலகிப் போயிடும், மேல மிதிச்சாத்தான் கொட்டும். செருப்பு வேண்டாம், கட்டின ஷூ. சிப்பிப் பாறை கத்தி மாதிரி அறுக்கும்.)

பெடலுக்கு வர்றேன், ஏன்னா தம்பி அதுலதான் மயங்கிட்டான்.

பெடல் நல்ல கண்டுபிடிப்பு. ஹோபி கம்பெனி 1997-ல மீனோட துடுப்பு மாதிரி அடிக்கிற மிரேஜ் டிரைவைக் கொண்டுவந்தது. கால் மிதிக்கும், கை சும்மா இருக்கும், தூண்டிலைப் பிடிச்சுக்கலாம். காத்தும் ஓட்டமும் இருக்கிற இடத்துல ஒரே இடத்துல நிக்கலாம். தோள்பட்டை வலி இருக்கிறவங்களுக்கு இது பெரிய வரம். என் தோழியோட அப்பா, வயசானவர், பெடல் வந்த பிறகுதான் திரும்ப மீன் பிடிக்கப் போறார். அவருக்கு நான் துடுப்பைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

ஆனா விசிறி வச்ச பெடலுக்குக் கீழ ஒன்றரை அடித் தண்ணியாவது வேணும். கடல்புல் சுத்திக்கும். சிப்பிப் பாறையில இடிக்கும். எடை கூடும். விலை ரெண்டு மூணு மடங்கு. மகளைக் கூட்டிக்கிட்டு மாங்ரோவ் சந்துக்குள்ள போற அன்னைக்கு அதைக் கழட்டி மடியில வச்சுக்கணும். மீனுக்கும் ஆகணும் சும்மா சுத்தவும் ஆகணும்னு கேட்கிறவங்களுக்குத் துடுப்புதான். அதுல நான் மாற மாட்டேன்.

மோட்டார் மாட்டலாமேன்னு யாராவது கேட்பீங்க. ஃப்ளோரிடாவுல துடுப்பால ஓட்டுற கயாக்குக்குப் பதிவு கிடையாது. சின்ன எலக்ட்ரிக் மோட்டாரை மாட்டின நிமிஷமே அது மோட்டார் படகு, பதிவு பண்ணி நம்பர் ஒட்டணும். பேட்டரி எடை வேற.

மகளைப் பத்திச் சொன்னேன் இல்லையா. சனிக்கிழமை ஆனா "அம்மா, நானும்"னு நிப்பா. இந்த இடத்துல போட்டு எவ்வளவு சுமை தாங்கும்கிறது முக்கியம். விளம்பரத்துல 350 பவுண்டுன்னு போட்டிருந்தா, அது மிதக்கும்கிற அளவு. நல்லா ஓடுற அளவு இல்ல. முக்கால் பாகத்துக்கு மேல ஏத்தாதீங்க. அதுக்கு மேல போனா போட்டு தாழ்ந்து, ஸ்கப்பர் ஓட்டை வழியாத் தண்ணி கீழ இருந்து மேல வரும், நாள் பூரா ஈர இருக்கைதான். உங்க எடை, கூட வர்ற பிள்ளையோட எடை, தண்ணிக் கேன், ஐஸ் பெட்டி, நங்கூரம், சாமான் எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க. நூறு கிலோ சுலபமா வந்துடும்.

ரொம்பச் சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு இன்னொரு வழி இருக்கு. ரெண்டு பேர் போட்டுலயே நடு இருக்கை வச்சது, ஓஷன் கயாக்கோட மாலிபு டூ மாதிரி. ரெண்டு பேர் போனா முன்னும் பின்னும், தனியாப் போனா நடுவுல. குடும்பத்துக்கு அருமை. ஆனா நடு இருக்கை இல்லாத சாதா ரெண்டாள் போட்டைத் தனியா ஓட்டிப் பார்த்திருக்கீங்களா? பின்னாடி உட்கார்ந்தா மூக்கு வானத்தைப் பார்க்கும், காத்து அதைப் பிடிச்சுத் திருப்பும். பாதி நாள் தனியாப் போறவங்க அதை வாங்காதீங்க.

ஒரு கடையில (பேர் வேண்டாம்) நான் மீன் பிடிக்க போட்டு வேணும்னு சொல்லச் சொல்ல, ஒருத்தர் என்னை நேரா எட்டடி ஊதா கலர் போட்டுக்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனார். "பொம்பளைங்க இதைத்தான் விரும்பறாங்க." அதுல தூண்டில் சொருக இடமே இல்ல. இன்னும் நினைச்சா வயிறு எரியுது. உயரம் கம்மியான பெண்களுக்குச் சொல்றேன்: கலரை விடுங்க. காலை ஊன்றுற கட்டை முன்ன பின்ன நகருதா, முழங்கால் லேசா மடங்கின நிலையில உங்க கால் அதை எட்டுதா பாருங்க. கால் ஊனாம துடுப்புப் போட்டா எல்லா பாரமும் இடுப்புக்கும் தோளுக்கும் போயிடும்.

இருக்கை முக்கியம். பின்னி இழுத்த துணியும் சட்டமும் வச்ச நாற்காலி வகை நாலு மணி நேரத்துக்கும் தாங்கும். ஆனா ரொம்ப உசரம் வேண்டாம், உசந்தா ஆட்டமும் கூடும், காத்தும் பிடிக்கும். தாழ்த்தவும் உசத்தவும் முடிஞ்சா நல்லது.

மத்தபடி தூண்டில் சாமான்? முதுகுக்குப் பின்னாடி தட்டோட சமமாப் பதிச்ச ரெண்டு குழாய் போதும். மாங்ரோவ் கிளையில மாட்டற மாதிரி எதுவும் நீட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. பின்பக்கத் தொட்டியில ஒரு பால் பெட்டி. ஆமாங்க, பால் பாக்கெட் வர்ற அந்த பிளாஸ்டிக் கூடைதான். இங்க பாதிப் பேரு அதைத்தான் வச்சிருக்காங்க. ஓரத்துல பிவிசி பைப்பை வெட்டிக் கட்டினா இன்னும் மூணு தூண்டில் நிக்கும். கூடையை எடுத்துட்டா அதே தொட்டியில மகளோட பை, தண்ணி, பழம். சும்மா சுத்துற போட்டா மாறிடும். ரெண்டு வேலைக்கும் ஒரே போட்டுன்னா எனக்கு இதுதான். கழட்ட முடியாத சாமானை முதல்லயே வாங்கித் தலையில கட்டிக்காதீங்க.

மிச்சம் பிடிச்ச பணத்தைத் துடுப்புல போடுங்க. இதை அடிச்சுச் சொல்வேன். ஒரு காலையில ஆயிரக்கணக்கான தடவை தூக்குற பொருள் அது. அலுமினியத் துடுப்புக்கும் லேசான ஃபைபர்கிளாஸ் துடுப்புக்கும் கால் கிலோ வித்தியாசம் இருந்தாலே சாயங்காலம் தோள்ல தெரியும். 12 அடி, 31 இன்ச் போட்டுக்கு 230, 240 செ.மீ. நீளம் சரியா இருக்கும். துடுப்புக்கு ஒரு வார் போட்டுப் போட்டோட கட்டிடுங்க. அப்புறம் முதுகுப் பக்கம் வலை வச்ச, உசரமான லைஃப் ஜாக்கெட். நாற்காலியில இடிக்காது, வேர்க்காது. வேர்த்தா கழட்டி வைக்கத் தோணும், கழட்டி வச்ச ஜாக்கெட் யாரையும் காப்பாத்தாது. ஒரு விசில். இருட்டுல போனா வெள்ளை விளக்கு. இது ரெண்டும் இங்க சட்டமும்கூட.

நங்கூரத்தைப் பத்தி ஒண்ணு சொல்லாம விட முடியாது. ஓட்டம் இருக்கிற தண்ணியில நங்கூரக் கயித்தை நடுப்பக்கமா, உங்க இடுப்புக்கு நேரா கட்டாதீங்க. தண்ணி பக்கவாட்டுல தள்ளும், கயிறு கீழ இழுக்கும், கண் மூடித் திறக்கிறதுக்குள்ள கவிழ்ந்துடும். மூக்குலயோ வால்லயோதான் இழுவை வரணும். அதுக்குன்னே ஓரமா ஓடுற கப்பிக் கயிறு இருக்கு, இருபது டாலர் சாமான். ஆழமில்லாத இடத்துல அதுவும் வேண்டாம், ஒரு நீளக் கம்பைச் சேத்துல குத்திக் கட்டிக்கிட்டாப் போதும்.

காத்துக்கு ஒரு வழக்கம் வச்சுக்குங்க. போகும்போது எதிர்காத்து, வரும்போது பின்காத்து. தெம்பு இருக்கும்போதே கஷ்டத்தை முடிச்சுடணும். கோடையில மதியம் இங்க இடி கட்டாயம். வானத்துல முதல் உறுமல் கேட்டா கரை. பிடிச்சிருக்கிற தூண்டில் கார்பன் கம்புங்க, மின்சாரம் பாயும்.

பேரு சொல்லுங்கன்னு தம்பி விடல. நான் சொன்னது வில்டர்னஸ் சிஸ்டம்ஸ் டார்பன் 120, பெர்செப்ஷன் பெஸ்கடோர் ப்ரோ 12. ரெண்டும் 12 அடியை ஒட்டி, 31, 32 இன்ச் சுமார், எடை 30 கிலோ பக்கம். ரெண்டையும் ஒரே நாள்ல ஓட்டிப் பார்த்துட்டு எது உடம்புக்கு ஒத்து வருதோ அதை எடுன்னேன். பணம் இருந்து எடை இன்னும் குறையணும்னா, ஏபிஎஸ் தகட்டைச் சூடாக்கி அச்சுல இழுத்துச் செய்யுற வகை இருக்கு, 20 கிலோவுக்கே கிடைக்கும். அது பாறையில இழுபட்டா அவ்வளவா தாங்காது. சாதா பாலிஎத்திலீன் முரட்டு ஜாதி. பொடியை அச்சுல போட்டு அடுப்புக்குள்ள சுழட்டிச் சுழட்டி உருக்கி எடுக்கிறாங்க, தையல் ஒட்டு எதுவும் இல்லாத ஒரே வார்ப்பு. அதுக்குப் பெரிய எதிரி வெயில்தான். நிழல்ல, பக்கவாட்டுல சாய்ச்சு வைங்க. அடியைத் தரையில அழுத்தி வெயில்ல போட்டா குழி விழும்.

(வீடன் தீவுல ஒரு அருங்காட்சியகம் இருக்கு. அங்க பைன் மரத்தைக் குடைஞ்சு செஞ்ச ஒரு படகு வச்சிருக்காங்க. சுமார் 40 அடி, வயசு 1100 வருஷம் பக்கம். அதே விரிகுடாவுல கண்டெடுத்தது. நான் தினம் போற தண்ணியில அவங்க அதை ஓட்டியிருக்காங்கன்னு நினைச்சாலே சிலிர்க்குது. அந்தப் பக்கம் போனா பார்க்காம வராதீங்க.)

புதுசு வேண்டாம், பழசு போதும்னா இன்னும் நல்லது. வாடகைக் கடைகள் அப்பப்போ பழைய போட்டுகளைக் கழிச்சு விடுவாங்க, பாதி விலைக்குக் கிடைக்கும். மேல இருக்கிற கீறலைப் பார்த்துப் பயப்படாதீங்க. வாலோட அடியைப் பாருங்க. தரையில இழுத்து இழுத்து அங்கதான் தேய்ஞ்சிருக்கும், அழுத்தினா அமுங்கினா விட்டுடுங்க. ஸ்கப்பர் ஓட்டை ஒவ்வொண்ணுலயும் விரலை விட்டு விரிசல் தேடுங்க. வால் பக்கம் ஒரு வடிகால் திருகு இருக்கும், அதைக் கழட்டிப் போட்டைச் சாயுங்க. உள்ள இருந்து நிறையத் தண்ணி வந்தா எங்கயோ ஓட்டை. வாங்கின பிறகும், தண்ணியில இறக்கறதுக்கு முன்னாடி அந்தத் திருகை ஒவ்வொரு தடவையும் தொட்டுப் பாருங்க. சிட்-ஆன்-டாப் மூழ்காதுன்னு சொன்னேனே, அது இந்தத் திருகும் மேல்மூடியும் இறுக்கமா இருக்கிற வரைக்கும்தான்.

உரிமத்தைப் பத்திப் பல பேருக்குத் தெரியல. கரையில நின்னு கடல் மீன் பிடிக்க ஃப்ளோரிடாவுல குடியிருக்கிறவங்களுக்கு இலவச உரிமம் இருக்கு. கயாக்ல ஏறிட்டா அது செல்லாது. வருஷத்துக்கு 17 டாலர் சாதா உப்புநீர் உரிமம் எடுக்கணும், போன்லயே எடுத்துடலாம். ஸ்னூக் மீனை (நம்ம கொடுவாவுக்கு நெருங்கின சொந்தம், குழம்புக்கு அப்படி இருக்கும்) வீட்டுக்குக் கொண்டுவரணும்னா அதுக்குத் தனியா 10 டாலர் அனுமதி. ரெட்ஃபிஷ், ஸ்னூக் ரெண்டுக்கும் இந்த நீளத்துல இருந்து இந்த நீளம் வரைக்கும்தான் எடுக்கலாம்னு அளவு இருக்கு, ஸ்னூக்குக்கு மூடுற மாசமும் இருக்கு. அது இடத்துக்கு இடம் வேற, அப்பப்போ மாத்தவும் செய்வாங்க. கிளம்புற அன்னைக்குப் பார்த்துட்டுப் போங்க, போட்டுல ஒரு அளவுகோலை ஒட்டி வச்சுக்குங்க.